துப்பாக்கிப் பங்கு

போலீஸ் ஸ்டேஷன் ஸ்டோர் ரூமுக்குள் நுழைந்ததும் அருள்நாதன் கண்ணில் முதலில் பட்டது துப்பாக்கி அல்ல. அதற்கு முன்னால் தரையில் வைத்திருந்த ஒரு டம்ளர் தண்ணீர்.

1981 ஏப்ரல் மாதம், காலை பதினொரு மணி. வெளியே திருச்சி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. ஜன்னல் இல்லாத அந்த அறையில் சாராயக் கேன்களின் புளித்த வாடையும் எலிப்புழுக்கை நாற்றமும் அடைந்து கிடந்தன. துருப்பிடித்த சைக்கிள்களுக்குப் பின்னால், சுவரில் சாய்ந்து, சாக்குச் சுற்றி நின்றது அது. கழுத்தில் ஒரு அட்டைச் சீட்டு: ‘அற்புதசாமி, மேலப்புதூர், 1971’.

தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும், முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். எழுபத்தொன்றில் ஒப்படைத்த அற்புதசாமி திரும்பி வரவே இல்லை. மூன்று முறை கடிதம் போட்டார்கள், பதில் இல்லை. போன ஐப்பசி மழையில் அவர் செத்துப்போனார். கடிதங்களை அலமாரியில் கண்டெடுத்த மகன் அருள்நாதன், கலெக்டர் ஆபீஸுக்கு நடையாய் நடந்து தற்காலிக அனுமதி வாங்கிக்கொண்டு வந்திருந்தார்.

“இதென்னங்க ஏட்டு, தண்ணி?”

ஏட்டு பிச்சைமுத்து சாவிக்கொத்தைப் பார்த்தபடியே சொன்னார். “எனக்கு முன்னாடி இருந்தவரு வெக்கச் சொல்லிட்டுப் போனாரு. காலையில ரொப்பி வெச்சா மத்தியானம் காலியா இருக்கும். எலி குடிக்குதுன்னு வெச்சுக்குங்க.”

“எலிக்கு டம்ளர் வேறயா?”

அருள்நாதன் சிரித்தார். ஏட்டு சிரிக்கவில்லை. கையெழுத்து வாங்கிய கையோடு டம்ளரை எடுத்து வாசலில் கொட்டிக் கவிழ்த்து வைத்தார். பத்து வருஷச் சுமையை இறக்கி வைத்தவர் மாதிரி இருந்தது அவர் முகம்.

அருள்நாதனுக்கு அந்தத் துப்பாக்கி வேண்டும். வேட்டைக்கா என்றால் இல்லை, அவர் ஒரு எலியைக்கூட அடித்தது கிடையாது. நாற்பத்திரண்டு வயதில் ஹெட்கிளார்க்காக ஃபைல் கட்டிக்கொண்டிருந்த மனிதருக்கு, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வெளியே வரும்போது நாலு பேர் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று ஒரு ஆசை. அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா கெட்டிக்காரர், தைரியசாலி, துரையிடமே துப்பாக்கி வாங்கியவர் என்று ஊரே பேசியது. அந்தப் பெயர் தன் பெயரோடு ஒட்ட வேண்டும், அவ்வளவுதான்.

வீட்டுக்குக் கொண்டுவந்து சாக்கைப் பிரித்தார். இங்கிலாந்தில் செய்த ரெட்டைக்குழல் துப்பாக்கி. அடிக்கட்டையில் பதித்த வெள்ளித் தகட்டில் ‘வில்கின்ஸ், 1911’ என்று இருந்தது. ரயில்வே என்ஜினீயர் வில்கின்ஸ் துரை நாற்பத்தேழில் ஊருக்குக் கப்பல் ஏறும்போது, தன் கிளார்க் அற்புதசாமிக்குக் கொடுத்துவிட்டுப் போனது. பச்சைமலை அடிவாரத்தில் துரை அதனால் சிறுத்தை அடித்தாராம். குழலுக்குள் துரு ஒரு பொட்டுக்கூட இல்லை. பத்து வருஷமாக யாரும் தொடாத துப்பாக்கிக்குத் துருப்பிடிக்காதது ஏன் என்று அவர் யோசிக்கவில்லை. சந்தோஷத்தில் இருக்கிறவன் எதைத்தான் யோசிப்பான்?

மனைவி அக்னஸ் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பகல் டியூட்டி. அவள் துப்பாக்கியைத் தொடவில்லை. “இதை வெச்சு என்னங்க பண்ணப் போறீங்க?” என்று மட்டும் கேட்டாள். மகள் லூர்துராணிக்குப் பதின்மூன்று வயது, முழுப்பரீட்சை லீவு. கொலுசு குலுங்க ஓடிவந்து பார்த்துவிட்டு, “அப்பா, இது நெஜமாவே சுடுமா?” என்றாள்.

“தோட்டாவே கிடையாது. சும்மா அழகுக்கு,” என்று சொல்லி, அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு வாசல் கதவை யாரோ தட்டினார்கள். அக்னஸுக்கு அன்றும் டியூட்டி. அருள்நாதன்தான் திறந்தார்.

தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை.

படியில் தேக்கிலைப் பொட்டலம் ஒன்று, நார் போட்டுக் கட்டியது, இருந்தது. பிரித்தார். முயலின் வலது பின்னந்தொடை. அப்போதுதான் அறுத்த இறைச்சி, இன்னும் சூடு ஆறவில்லை.

அவருக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வந்தது பெருமை. சின்ன வயதில் இதே மாதிரிப் பொட்டலங்கள் வீட்டுக்கு வரும். வேட்டையில் விழுந்த மிருகத்தைக் கூறுபோடும்போது, சுட்டவனுக்குத் தலை, மிருகத்தைக் கலைத்து விரட்டியவர்களுக்கு உடம்பு, துப்பாக்கிக்கு வலது பின்னந்தொடை. துப்பாக்கிப் பங்கு என்பார்கள். இரவல் கொடுத்த துப்பாக்கியாக இருந்தாலும், அந்தத் தொடை அதன் சொந்தக்காரர் வீட்டுப் படிக்கு வந்துவிடும்.

“துப்பாக்கி வீட்டுக்கு வந்துட்டுதுன்னு மலைக்காரங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு பாரு,” என்றார் சாயங்காலம் அக்னஸிடம். “அப்பா பேருக்கு இன்னும் மரியாதை இருக்கு.”

மிளகு போட்டு வறுத்துச் சாப்பிட்டார்கள். நன்றாகவே இருந்தது.

மூன்றாம் நாள் இன்னொரு பொட்டலம் வந்தது. இந்த முறை பெரியது. அன்றைக்கு அக்னஸ் லீவில் இருந்தாள். ஆட்டுத்தொடை என்று குழம்பு வைத்துவிட்டாள். எல்லோரும் கைகழுவும் நேரத்தில் பக்கத்து வீட்டுச் சந்திரம்மாள் தலைவிரி கோலமாக வந்து நின்றாள்.

“என் ஆட்டுக்குட்டியப் பாத்தீங்களா. மத்தியானம் வரைக்கும் கொல்லையில நின்னுது. இப்ப செத்துக் கெடக்கு. வலது பின்னங்கால் மட்டும் இல்ல.”

அக்னஸ் கொல்லைக்கு ஓடி வாந்தி எடுத்தாள். அருள்நாதன் அலமாரியைத் திறந்தார்.

கரிமருந்து வாடை முகத்தில் அடித்தது.

குழலைத் தொட்டார். சுட்டது.

அன்றிலிருந்து மத்தியானம் ஒரு மணி நெருங்கினால் அவருக்கு ஆபீஸில் கை ஓடவில்லை. முயல் வந்துவிட்டது, ஆடு வந்துவிட்டது, அடுத்து என்ன என்று மனம் கணக்குப் போட்டது. ஆனால் அடுத்த நாள் ஒன்றும் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. ஆறு நாள் ஒரு தொந்தரவும் இல்லாமல் போனது.

ஏன் இல்லை என்பது ஏழாம் நாள், அரை நாள் லீவு போட்டு வீட்டுக்கு வந்தபோது தெரிந்தது. ராணி கொல்லையில் துணி துவைக்கும் கல்மேல் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள்.

“யாருக்கு?”

“ஒரு தாத்தாப்பா. மத்தியானமானா சொவத்துக்கு அந்தாண்டயிருந்து தண்ணி தண்ணின்னு கேப்பாரு. பாவமா இருக்கு. ஒரு காலை இழுத்துக்கிட்டு வருவாரு.”

“மொகத்தைப் பாத்தியா?”

“இல்ல. நான் திரும்பிக்கணும். சத்தம் மட்டும் கேக்கும். அவருக்குத் தண்ணிதாம்பா வேணும், வேற ஒண்ணும் இல்ல. சந்திரம்மாக்காகிட்டகூடச் சொன்னேன்.”

அருள்நாதன் கல்லைப் பார்த்தார். அவருக்கு ஒன்று ஞாபகம் வந்தது. அப்பா, வீட்டில் ஒரு சொம்பை நகர்த்தி வைக்காத அப்பா, தினமும் மத்தியானம் தன் கையாலேயே இந்தக் கல்லில் ஒரு டம்ளர் தண்ணீர் வைப்பார். காக்கைக்கு என்று நினைத்திருந்தார், அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த அருள்நாதன்.

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே டம்ளரில் தண்ணீர் இறங்கியது.

மடக் மடக்கென்று விழுங்கும் சத்தம் கேட்டது.

மறுநாள் அப்பாவின் பழைய ரசீது ஒன்றில் இருந்த பெயரைத் தேடிக்கொண்டு சிந்தாமணிக்குப் போனார். ஜெகபர் சாதிக், துப்பாக்கி ரிப்பேர். காவிரிப் பாலத்துக்குக் கிட்டத்தில் ஒரு மாடி அறை. ஜன்னல் வழியாக ஆற்றுக்கு அந்தப் பக்கம் தென்னைகளும், இன்னும் மொட்டையாக நின்ற ஸ்ரீரங்கத்துக் கோபுரமும் தெரிந்தன. சாதிக்குக்கு அறுபது தாண்டியிருக்கும். மத்தியான லுகர் தொழுகை முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். தகட்டில் இருந்த பெயரைச் சொன்னதும், “அதை வெளியில எடுத்துட்டீங்களா?” என்றார்.

அருள்நாதன் எல்லாவற்றையும் சொன்னார்.

“அம்பத்து நாலு, தை மாசம்,” என்றார் சாதிக். “உப்பிலியபுரத்துக்கு அந்தாண்ட காடு. மானு விழுந்தா ஹலால் பண்ணவும் கூறு போடவும் நான்தான் கூடப் போவேன். மானு விழுந்துடுச்சு. அப்புறமும் ஒரு பொதரு அசைஞ்சுது, உங்கப்பா சுட்டாரு. கலைச்சு வெரட்டுற ஆளு ஒருத்தன், ராமர்னு பேரு. வலது தொடையில துப்பாக்கி ரவை பாஞ்சிடுச்சு. அவரு வேணும்னு சுடல தம்பி. அதை நான் குத்தம்னு சொல்லமாட்டேன். அப்புறம் செஞ்சதுதான்.”

“என்ன செஞ்சாரு?”

“ஒண்ணும் செய்யல. ஆஸ்பத்திரி கொண்டுபோயிருந்தா பொழைச்சிருப்பான். கொண்டுபோனா போலீசு, லைசென்ஸு போயிடும். அதனால உக்காந்துட்டோம். ஒரு மணியிலேருந்து நாலு மணி வரைக்கும். தண்ணி தண்ணின்னான். தண்ணி குடுத்தா உசுரு இழுத்துக்கிட்டு நிக்கும்னு உங்கப்பா குடுக்கவிடல. அந்த நேரத்துல நான் மானைக் கூறு போட்டுக்கிட்டிருந்தேன்.”

கீழே பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

“அப்புறம் ரவையை எடுத்துடச் சொன்னாரு. காட்டுப்பன்னி கிழிச்ச மாதிரி இருக்கணும்னாரு. கத்தி என்கிட்டதான இருந்துது.”

“அவன் செத்தப்புறம்தானே?”

சாதிக் தன் வலது கையைப் பார்த்தார்.

“கத்தியை வெச்சப்ப என் மணிக்கட்டைப் புடிச்சான்.”

சாதிக் அந்தக் கையை மடியில் மறைத்துக்கொண்டார். “அவன் பொண்டாட்டி வள்ளிக்கண்ணு இன்னும் அங்கதான் இருக்கா. பன்னி கிழிச்சுதுன்னு இன்னிய வரைக்கும் நம்பிக்கிட்டிருக்கா. போய் நெசத்தைச் சொல்லுங்க. ஸ்டேஷன்ல எழுதிக் குடுங்க, நானும் வந்து கையெழுத்துப் போடறேன். எனக்கும் தூக்கம் வேணும். அது வரைக்கும் தண்ணியை மட்டும் நிறுத்திடாதீங்க. உங்கப்பா பதினேழு வருஷம் வெச்சாரு. அதனாலதான் உங்க வீட்டுல எல்லாரும் முழுசா இருக்கீங்க.”

அருள்நாதன் தலையாட்டிவிட்டு வந்தார். வரும் வழியெல்லாம் அவர் ராமரைப் பற்றி நினைத்தார் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அவர் நினைத்தது என்கொயரியை. லைசென்ஸை அவர் பெயருக்கு மாற்ற, மறுநாள் பன்னிரண்டு மணிக்குத் துப்பாக்கியோடு இன்ஸ்பெக்டர் முன்னால் நிற்க வேண்டும். அதே நேரத்தில் ஒரு கான்ஸ்டபிள் தெருவில் வந்து விசாரிப்பான். வீட்டில் இருக்கிற ராணியைக் கேட்பான். அவளோ வெகுளி, தாத்தா, கால், தண்ணீர் என்று எல்லாவற்றையும் கொட்டிவிடுவாள். துப்பாக்கி போகும், அப்பா பெயர் சந்தி சிரிக்கும். உண்மையைச் சொல்லத்தான் போகிறோம், ஒரே ஒரு நாள் தள்ளிச் சொன்னால் என்ன என்று தோன்றியது. அப்பாவுக்கும் அந்தக் காட்டில் இப்படித்தான் தோன்றியிருக்கும்.

மறுநாள் அக்னஸ் டியூட்டிக்குப் போன பிறகு, கொல்லைக் கதவுக்கு உள்பக்கமாகப் பூட்டுப் போட்டார். ராணி பார்த்துக்கொண்டே நின்றாள்.

“ஏம்பா?”

“போலீசு வருவாங்க. யாரு தட்டினாலும் குரல் குடுக்காத. ஒரு மணிக்குள்ள வந்துடுவேன்.”

“தாத்தாவுக்குத் தண்ணி?”

“இன்னிக்கு ஒரு நாள் வேணாம்.”

“கேப்பாரேப்பா.”

“கேட்டா கேக்கட்டும். காதைப் பொத்திக்க.”

வாசல் கதவையும் வெளியே பூட்டினார். இரண்டு சாவிகளும் பேண்ட் பாக்கெட்டில் கிடந்தன. கான்வாஸ் பையில் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தபோது, ஹெட்கிளார்க்கின் நடை கொஞ்சம் நிமிர்ந்துதான் இருந்தது.

இன்ஸ்பெக்டர் சாப்பிடப் போயிருந்தார். பன்னிரண்டரை ஆனது. பெஞ்சில் உட்கார்ந்து அருள்நாதன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டே முக்கால் ஆனது. பை மடிமேல் கனத்தது.

ஒன்று.

மடியில் ஏதோ லேசாக உதைத்தது. சத்தம் இல்லை, புகை இல்லை. எதிரே எழுதிக்கொண்டிருந்த ரைட்டர் நிமிரக்கூட இல்லை.

ஒன்றரைக்கு வந்த இன்ஸ்பெக்டர் தகட்டைத் தடவிப் பார்த்து, “நல்ல பீஸு சார்” என்றார். குழலை மடித்தார். முகர்ந்தார். கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

“வர்ற வழியில சுட்டீங்களா? குழல் கொதிக்குதே.”

அருள்நாதன் எழுந்து ஓடினார்.

ஆட்டோ தெருமுனையில் திரும்பியபோதே சந்திரம்மாள் வாசலில் நிற்பது தெரிந்தது. “என்ன சார் பூட்டிட்டுப் போயிட்டீங்க. அரைமணி நேரமா உள்ள தண்ணி தண்ணின்னு ஒரே சத்தம். பூட்டுத் தொங்குது, வீட்டுல யாரும் இல்ல, அந்தத் தாத்தாதான்னு நெனச்சு நானும் இருந்துட்டேன்.”

படியில் தேக்கிலைப் பொட்டலம் இருந்தது.

முந்தின இரண்டையும்விட நீளம்.

பூட்டைத் திறக்க அதைத் தாண்டிப் போக வேண்டும். கால் பட்டு அது புரண்டது. உள்ளே கொலுசு குலுங்கியது.

ராணி கொல்லைக் கதவு அருகில் கிடந்தாள். கதவின் அடிச்சந்தில் தண்ணீரை ஊற்றி வெளியே அனுப்பப் பார்த்திருக்கிறாள். டம்ளர் கவிழ்ந்து கிடந்தது. தண்ணீர் வெளியே போகவில்லை, வாசற்படிக் கட்டையில் முட்டித் திரும்பி, அவள் ரத்தத்தோடு கலந்து சமையலறை வரை ஓடியிருந்தது. கதவில், அவள் கைக்கு எட்டிய உயரத்தில், விரல் தடங்கள் பத்துப் பன்னிரண்டு இருந்தன. அவள் உடம்பு இன்னும் சில்லிடவில்லை. வலது பக்கத்தை அவரால் பார்க்க முடியவில்லை.

அருள்நாதன் மகளை மடியில் போட்டுக்கொண்டு அழுதார். அந்த அழுகையில் பொய் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். கத்தியதில் தொண்டை கிழிந்தது. ஆனால் அழுதுகொண்டே, தன் பின்னாலேயே கிளம்பிய போலீஸ் ஜீப் தூரத்தில் வரும் சத்தத்தைக் கேட்டார். பூட்டிய வீட்டுக்குள் பெண் செத்துக் கிடந்தால், பூட்டியவனைத்தான் கேட்பார்கள். கை தானாகப் பாக்கெட்டுக்குள் போனது. கொல்லைக் கதவின் பூட்டைத் திறந்தார். கதவை அகலத் தள்ளிவைத்தார். ஈரத்துணியால் அந்த விரல் தடங்களைத் துடைத்தார்.

வாசலுக்கு வந்து, பொட்டலத்தை எடுத்து அண்டாவுக்குப் பின்னால் வைத்தார்.

“வெறிநாய் சார்,” என்றார் உள்ளே வந்த இன்ஸ்பெக்டரிடம். “கொல்லைக் கதவைத் திறந்து போட்டுட்டேன். போன வாரம் பக்கத்து வீட்டு ஆட்டையும் இதே மாதிரி இழுத்துடுச்சு.”

அப்படியே எழுதினார்கள். கையெழுத்துப் போட்டார்.

அடக்கத்தன்று ஜெகபர் சாதிக் வந்தார். கல்லறைத் தோட்டத்து வாசலிலேயே நின்று கேட்டார். “என்னன்னு எழுதிக் குடுத்தீங்க தம்பி?”

“நாய்னு.”

சாதிக் அவர் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு தோளில் இருந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். ரம்ஜானுக்கு முன்பே அவர் மவுத்தாகிப் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று அருள்நாதன் பிற்பாடு கேள்விப்பட்டார்.

துவைக்கப் போட்ட பேண்ட் பாக்கெட்டில் வாசல் பூட்டு, கொல்லைப் பூட்டு இரண்டின் சாவிகளையும் அக்னஸ் எடுத்தாள். சாவிகளை மேஜைமேல் வைத்தாள், பெட்டியைக் கட்டினாள், ஜீயபுரத்தில் இருந்த அண்ணன் வீட்டுக்குப் போனாள். பிறகு திரும்பவே இல்லை. அதே வாரம் தபாலில் லைசென்ஸ் வந்தது, அருள்நாதன் பெயரில்.

அதற்குப் பிறகு கல்லில் தண்ணீர் வைக்க அவர் ஒரு நாள்கூடத் தவறவில்லை. எண்பத்து நாலு கடைசியில் தேர்தல் வந்தது. அருள்நாதன் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்தார். திரும்ப வாங்கப் போகவில்லை. அப்பா ஏன் போகவில்லை என்பது அவருக்கு இப்போது தெரியும்.

மூன்று மாதம் கழித்து, ஸ்ரீரங்கம் பஸ்ஸுக்காக ஜங்ஷனில் நின்றவரை ஏட்டு பிச்சைமுத்து பிடித்துக்கொண்டார்.

“சார், தயவுசெஞ்சு எடுத்துக்கிட்டுப் போயிடுங்க.”

“ஏன், தண்ணி வெக்கிறீங்கள்ல?”

“வெக்கிறோம். முன்னெல்லாம் ஒரு டம்ளர் போதும். இப்ப ரெண்டு வெக்க வேண்டியிருக்கு.” ஏட்டு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “ஒண்ணு காலியாயிடுது சார். இன்னொண்ணை யாரும் தொடறதில்ல. மறுநாள் பாத்தா, கதவடியில ஊத்தின மாதிரி தண்ணி வாசல் வரைக்கும் ஓடிக் கெடக்கு.”

பஸ் வந்து நின்றது. அருள்நாதன் ஏறவில்லை.

“ஸ்டோர் ரூமைப் பூட்டறதையே விட்டுட்டோம் சார்,” என்றார் ஏட்டு. “பூட்டினா, ஒரு மணிக்கு உள்ளேருந்து தட்டுது. அப்பா, கதவைத் தொறங்கன்னு.”